பன்னிரண்டரை மணித் தீனி

கரட்டுப்புதூரைச் சுற்றிக் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் எல்லாரும் குழந்தைவேலை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். வயதும் முப்பத்தெட்டைத் தாண்டவில்லை. ஆனால் போன கோடையில் அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் வெயில் தாங்காமல் செத்த கோழிகளைக் குழி வெட்டிப் புதைத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய கொட்டகையில் செத்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்றிலிருந்து வாத்தியார் ஆகிவிட்டார்.

வாத்தியாருக்கு ஒரு குணம் உண்டு. லேசில் வாயைத் திறக்க மாட்டார். கேள்வி கேட்டால் எழுந்து போய் எதையாவது செய்வார். அதுதான் பதில். புரியாதவர்கள் மறுநாள் வந்து மறுபடி கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் மூத்தவர் மாராத்தாள். அறுபத்தொரு வயது. முப்பத்தோரு வருடம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவர். தினமும் நூற்றிருபது பிள்ளைகளுக்கு உலை வைத்த கைக்கு, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் ஒரு ஆழாக்கு அரிசி அளந்து போடத் தெரியவில்லை. கணவர் போய்ப் பல வருடம் ஆகிறது. மகள் கல்யாணமாகி மைசூர்ப் பக்கம் போய்விட்டாள். வீட்டில் பசிக்கிறது என்று சொல்ல யாருமில்லை. அதனால்தான் கொட்டகை போட்டார். இரண்டாயிரம் வாய் இருக்குமே என்பதுதான் அவருடைய கணக்கு.

குஞ்சு கொடுக்கும் கம்பெனியிலிருந்து வந்த பையன் கொஞ்சம் யோசித்தான்.

"தனியாளா இருக்கறீங்க. கோடை வேற. இந்த ஒரு தடவை குடுக்கறமுங்க. நல்லபடியா வளத்திக் காட்டுனீங்கன்னா அடுத்த குஞ்சு. இல்லீன்னா வருத்தப்படக் கூடாது."

மாராத்தாள் நேராக வாத்தியார் வீட்டுக்குப் போனார்.

"தம்பி, எனக்குக் கத்துக் குடுக்கோணும்."

"சொல்றதைக் கேப்பீங்களா, பெரியம்மா?"

"முப்பத்தோரு வருசம் எட்மாஸ்டருக சொன்னதையெல்லாம் கேட்டவ நான். நீங்க சொன்னா கேக்க மாட்டனா?"

குழந்தைவேல் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

முதல் பாடம் சாக்கு. வெயில் விழும் பக்கத்தில் நனைத்த சாக்கைக் கட்டித் தொங்கவிடச் சொல்லியிருந்தார். ஒரு பக்கம் கட்டினால் இவ்வளவு நல்லது என்றால் நாலு பக்கமும் கட்டினால் எவ்வளவு நல்லது! மாராத்தாள் நாலு பக்கமும் கட்டிவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பெருமையாக நின்றார்.

"இப்ப உள்ளார ஜில்லுனு இருக்குமில்லீங்க, தம்பி?"

குழந்தைவேல் தோளில் கிடந்த துண்டைத் தொட்டியில் முக்கிப் பிழியாமல் நீட்டினார்.

"இதைப் போட்டு மூஞ்சிய நல்லா மூடிக்குங்க."

மாராத்தாள் மூடிக்கொண்டார். முதலில் சுகமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கினார்.

மாராத்தாளே போய் மூன்று பக்கத்துச் சாக்குகளையும் அவிழ்த்தார்.

இரண்டாவது பாடம் தண்ணீர். மத்தியானத்தில் கோழிகள் தண்ணீர் குடிப்பதில்லையே, ஏன் என்று கேட்டார் மாராத்தாள். வாத்தியார் வெயிலில் காய்ந்த குழாயிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துக் கையில் கொடுத்தார். வாயில் வைத்ததும் மாராத்தாள் முகத்தைச் சுளித்தார்.

"தூளைப் போட்டா காப்பியே ஆயிருமாட்ட இருக்குது."

அன்று முதல் மணிக்கு ஒரு தரம் குழாயைத் திறந்து, சுடுதண்ணீரை வெளியே விட்டு, தொட்டியிலிருந்து புதுத் தண்ணீர் வரும்வரை அவர் நின்று பார்ப்பார். தொட்டிக்கு மேலே பந்தல் போட்டார். கூரைக்குச் சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் தென்னங்கீற்றைப் பரப்பினார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது பாடத்தில்தான் வந்தது வினை.

கொட்டகை மூன்று தடுப்பாக இருந்தது. ஒவ்வொரு தடுப்பிலும் தீனி டப்பாக்கள் வரிசையாகக் கயிற்றில் தொங்கும். ஓரத்தில் இருக்கும் சக்கரத்தைச் சுற்றினால் வரிசை மொத்தமும் மேலே ஏறும், திருப்பிச் சுற்றினால் இறங்கும். கோழிகளுக்கு முப்பது நாள் ஆனபோது ஒரு காலையில் ஒன்பதரை மணிக்குக் குழந்தைவேல் வந்தார். மூன்று சக்கரங்களையும் சுற்றினார். டப்பாக்கள் எல்லாம் கோழிகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன.

"இனிமே தினமும் இந்நேரத்துக்கு ஏத்திருங்க. வெயில் தாழ்ந்தாத்தான் எறக்கோணும்."

"மத்தியானத்துக்கு?"

"மத்தியானத்துக்கு இல்லீங்க."

"மத்தியானத்துக்கு இல்லியா?"

அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்திருக்கும். அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார். இந்த வாத்தியார்மேல் எனக்கு ஒரே ஒரு கோபம் உண்டென்றால் அது இதுதான். இரண்டு நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் என்ன?

மத்தியானம் பன்னிரண்டரை என்பது மாராத்தாளுக்கு வெறும் மணி இல்லை. முப்பத்தோரு வருடம் அந்த நேரத்துக்குள் சோறு வெந்து, சாம்பார் இறங்கி, முட்டை உரித்து வைத்தாக வேண்டும். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளைகள் மணி அடிக்கும் முன்பே தட்டோடு வந்து நிற்கும். எந்தப் பிள்ளை நேற்று ராத்திரி சாப்பிடவில்லை என்பதை முகத்தைப் பார்த்தே அவர் கண்டுபிடித்துவிடுவார். அந்தத் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழும்.

அன்று பன்னிரண்டரைக்கு அவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். மேலே ஏறிவிட்ட டப்பாக்களுக்குக் கீழே கோழிகள் கூட்டமாக நின்று அண்ணாந்து பார்த்தன. தட்டோடு நின்ற பிள்ளைகளைப் பார்த்தது போலவே இருந்தது. அவரால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

அதற்கடுத்த நாள் பன்னிரண்டரைக்கு அவருடைய கை தானாகச் சக்கரத்துக்குப் போய்விட்டது. அரை மணி நேரம்தான். கோழிகள் அடித்துப் பிடித்துக்கொண்டு தின்றன. பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு நிறைந்தது. பிறகு ஒன்றும் தெரியாததுபோல மேலே ஏற்றிவிட்டார். ஒரு கோழிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாளும் அப்படியே செய்தார். ஒன்றும் ஆகவில்லை. வாத்தியார் நல்லவர்தான், ஆனாலும் ஆம்பிளை, பசியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்கு மறுநாள் அக்னி நட்சத்திரம் பிறந்தது.

காலை பத்து மணிக்கே மண் சுட்டது. வேப்பமரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. மாராத்தாள் பன்னிரண்டரைக்கு முதல் தடுப்பை இறக்கினார். இரண்டாவதை இறக்கினார். மூன்றாவது சக்கரம் சிக்கிக்கொண்டது. எவ்வளவு முட்டியும் நகரவில்லை.

"உங்களுக்கு மட்டும் இல்லாமப் போச்சே, சாமி" என்று அந்தத் தடுப்புக் கோழிகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஒரு மணிக்கு மின்சாரம் நின்றது. மின்விசிறிகள் நின்றன. அந்தப் பதற்றத்தில் டப்பாக்களைத் திரும்ப ஏற்ற மறந்துபோனார். ஒன்றரைக்குக் கோழிகள் எல்லாம் வாயைத் திறந்து இளைக்க ஆரம்பித்தன. இரண்டு மணிக்கு ஒரு கோழி கழுத்தை நீட்டிக்கொண்டு மல்லாந்து விழுந்தது. மாராத்தாள் ஓடிப் போய்த் தூக்குவதற்குள் இன்னொன்று விழுந்தது. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்துகொண்டே இருந்தன.

அவர் போனை எடுத்தார்.

"தம்பி… தம்பி… வாங்க."

கால் மணி நேரத்தில் குழந்தைவேல் வந்துவிட்டார். உள்ளே வந்ததும் இறங்கிக் கிடந்த டப்பாக்களைப் பார்த்தார். செத்த கோழி ஒன்றை எடுத்துக் கழுத்துக்குக் கீழே விரலால் தொட்டார். தீனிப்பை புடைத்துக் கல்லுபோல் இருந்தது. மாராத்தாள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குழந்தைவேல் அந்தக் கோழியை மெல்லக் கீழே வைத்தார். இரண்டு சக்கரங்களையும் சுற்றி டப்பாக்களை ஏற்றினார்.

"ஓடாதீங்க, பெரியம்மா. நீங்க ஓடுனா அதுகளும் ஓடும். ஓடுனா இன்னும் சூடு."

"நான் என்ன பண்ணட்டும்?"

"மெல்ல ஊடால நடங்க. ஒட்டி ஒட்டிப் படுத்திருக்குது பாருங்க. எந்திரிக்க வெச்சு வெலக்கி விடுங்க. அடியில இருக்கற வெக்கை வெளிய போகட்டும்."

மாராத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார். நூறு பிள்ளைகள் தூங்கும் அறையில் நடப்பதுபோலக் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தார். குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எழுப்பினார்.

"எந்திரி சாமி. எந்திரி கண்ணு. சித்த தள்ளிப் படு. சித்த தள்ளு."

குழந்தைவேல் குழாயைத் திறந்து சுடுதண்ணீரை வெளியே விட்டார். தொட்டியிலிருந்து குடம் குடமாக மொண்டு ஏணியில் ஏறிக் கூரைக் கீற்றின்மேல் ஊற்றினார். இறங்கி வந்து மறுபடி மொண்டார். எத்தனை குடம் என்று யாரும் எண்ணவில்லை. நடுவில் ஒருமுறை மாராத்தாள் உள்ளிருந்து கத்தினார்.

"தம்பி, இது தண்ணி குடிக்குதுங்க!"

"குடிக்கட்டுங்க."

நாலரை மணிக்கு மேற்கிலிருந்து லேசாகக் காற்று வந்தது. வேப்பமரம் அசைந்தது. பத்து நிமிடம் கழித்து மின்சாரமும் வந்தது. விசிறிகள் சுற்ற ஆரம்பித்ததும் மாராத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கோழிகள் ஒவ்வொன்றாக வாயை மூடின.

செத்தவற்றைப் பொறுக்கிக் கொட்டகைக்கு வெளியே தடுப்பு வாரியாகப் போட்டார்கள். முதல் தடுப்பிலிருந்து நாற்பத்து நாலு. இரண்டாவதிலிருந்து முப்பத்தொன்பது.

"கடைசித் தடுப்புல எத்தனைங்க?" என்று கேட்டார் குழந்தைவேல்.

"மூணு."

"அங்க மட்டும் ஏன் கொறவு?"

மாராத்தாள் பதில் சொல்ல வாயெடுத்தார். சிக்கிக்கொண்ட சக்கரம் ஞாபகத்துக்கு வந்தது. அந்தத் தடுப்பிடம் மன்னிப்புக் கேட்டதும் ஞாபகத்துக்கு வந்தது.

குழந்தைவேல் உள்ளே போய் உயிருள்ள கோழிகள் இரண்டைத் தூக்கி வந்தார், முதல் தடுப்பில் ஒன்று, கடைசித் தடுப்பில் ஒன்று.

"றெக்கைக்கு அடியில கையை வெச்சுப் பாருங்க."

மாராத்தாள் வைத்துப் பார்த்தார். ஒன்று சூடாக இருந்தது. இன்னொன்று, முதல் தடுப்பில் தூக்கி வந்தது, சுட்டது. சுட்ட கோழியின்மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. வெகு நேரம் அப்படியே வைத்திருந்தார். கண்ணில் நீர் வழிந்தது.

"தீனி உள்ளார போனா அடுப்பு மூட்டுன மாதிரிங்க, பெரியம்மா. பனிக்காலத்துல அந்தச் சூடு நல்லது. இப்ப மேல கூரை காயுது, உள்ளயும் காஞ்சா அதுக எங்க போகும்?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அன்னிக்கே உக்காந்து இதைச் சொல்லியிருக்கோணும். வண்டிய எடுத்துட்டுப் போயிட்டேன். அது என் தப்புங்க" என்றார்.

வாத்தியார் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

இருவரும் குழி வெட்டினார்கள். எண்பத்தாறு கோழிகளையும் போட்டு, சுண்ணாம்பு தூவி, மண்ணைத் தள்ளினார்கள். மண்ணை மிதிக்க மாராத்தாளுக்கு மனம் வரவில்லை. குழந்தைவேல்தான் மிதித்தார்.

கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். மாராத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கம்பெனிக்காரத் தம்பிக்குச் சொல்லிப் போடுங்க. இருக்கறதைப் புடிச்சுட்டுப் போகட்டும். எனக்கு இனி குஞ்சு வேண்டாம்."

"இன்னும் ஆயிரத்தித் தொள்ளாயிரம் இருக்குதுங்க."

"இருந்து? இந்தக் கை ரண்டு தலைமுறைப் புள்ளைகளுக்குச் சோறு போட்ட கை, தம்பி. ஒரு புள்ளைக்கு வவுத்து வலின்னு வந்ததில்ல. இன்னிக்கு இதே கையி தீனி போட்டே கொன்னு போட்டுது. ஏந்தம்பி, பசிச்ச உசுருக்குச் சோறு போட்டது தப்புங்களா?"

குழந்தைவேல் எழுந்து போய் எதையாவது செய்வார் என்று மாராத்தாள் எதிர்பார்த்திருக்கலாம். அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"பள்ளிக்கூடத்துல சமைக்கறப்ப நீங்க எப்பச் சாப்பிடுவீங்க, பெரியம்மா?"

"நானா? அது சாயந்தரம் ஆயிரும்."

"பன்னெண்டரைக்குப் புள்ளைகளோட சாப்பிட மாட்டீங்களா?"

"அதெப்படி எறங்கும்? தகரக் கொட்டாயி. ரண்டு வெறகடுப்பு. காலைல எட்டு மணியிலிருந்து அந்த வெக்கையில நின்னவளுக்குச் சோத்தைப் பாத்தாலே கொமட்டும். தண்ணிதான் குடிச்சுட்டு இருப்பேன்."

"ஆரும் சாப்பிடச் சொல்லலீங்களா?"

மாராத்தாள் யோசித்தார். பிறகு, அழுதுகொண்டிருந்த முகத்திலேயே லேசாகச் சிரிப்பு வந்தது.

"ஒரு டீச்சரம்மா சொல்லுச்சு. நாகர்கோயில் பக்கத்துப் புள்ள, புதுசா வேலைக்கு வந்திருந்துச்சு. 'ஊருக்கெல்லாம் சோறு போடறீங்க, நீங்க பட்டினி கெடக்கறீங்களே'ன்னு அதுக்குப் பொறுக்கல. ஒரு நாள் அடுப்படிக்கே வந்து, தட்டு நெறையப் போட்டு, கையப் புடிச்சு உக்கார வெச்சு, திங்க வெச்சுப் போட்டுது. வேண்டாம் வேண்டாம்னேன், கேக்கல. ஆசையாக் குடுக்குதேன்னு நானும் தின்னுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அண்டாவைக் கழுவப் போனவ அடுப்புக்கிட்டயே மயக்கம் போட்டு விழுந்துட்டேன். தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாங்க. ரண்டு நாள் படுக்கையில கெடந்தேன்."

"அந்த டீச்சர் மேல கோவம் வந்துச்சுங்களா?"

"கோவமா?" மாராத்தாள் நிமிர்ந்து பார்த்தார். "அது மேல என்ன கோவம், தம்பி? பெத்த புள்ளையாட்டம் ஊட்டுச்சு. அதுக்குத் தெரியல, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில என் காலுமாட்டுல உக்காந்துட்டு, நான்தான் இப்படிப் பண்ணிப் போட்டேன், எனக்கு இந்த வேலையே வேண்டாம், ஊருக்கே போயிர்றேன்னு அழுதுட்டே இருந்துச்சு. நாந்தான் தேத்தி, மறுக்காவும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனேன்."

"அதுக்கப்புறம் சாப்பிடச் சொல்லுச்சுங்களா?"

"சொல்லல. மத்தியானம் புள்ளைக சாப்பிட்டுப் போன பொறகு ஒரு சொம்பு மோர் கொண்டாந்து வெக்கும். நான் குடிக்கறதைப் பாத்துட்டே சும்மா பக்கத்துல உக்காந்திருக்கும். அதுவும் சாப்பிடாது. பள்ளிக்கூடம் விட்டு, வெயில் தாழ்ந்த பொறகு, ரண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். அது மாத்தலாகிப் போற வரைக்கும் அப்படித்தான்."

சொல்லி முடித்தவர் கொட்டகைப் பக்கம் திரும்பினார். கொட்டகைக்குள் கோழிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

குழந்தைவேல் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார். இந்த முறை வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் நின்று சொன்னார்.

"இதுகளும் உங்க மேல கோவிச்சுக்காதுங்க, பெரியம்மா. நாளைக்கு மத்தியானம் சும்மா பக்கத்துல உக்காந்திருங்க."